புதிய பொருட்கள் இத்தனை வந்தும் உடம்புக்குள் போவது ஏன் அதே டைட்டானியமும் பிளாஸ்டிக்கும்?

#1 கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு உயிர்மருத்துவப் பொருட்கள் பக்கம் போகலாம் என்று கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் கரையும் உலோகம், அச்சிட்ட எலும்பு, தானே ஒட்டிக்கொள்ளும் ஜெல் என்றுதான் போகிறது. சரி, இடுப்பு மூட்டு மாற்றுபவருக்கு உண்மையில் உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று பார்த்தால் டைட்டானியம், கோபால்ட்-குரோமியம், பாலிஎதிலீன், பீங்கான். பாலிஎதிலீன் மூட்டுக்குள் நுழைந்தது 1962-ல். மனிதருக்கு டைட்டானியம் பல் வேர் வைத்தது 1965-ல். இதய வால்வின் கார்பன் 60-களின் கடைசியில்.

ஐம்பது அறுபது ஆண்டாக இந்தத் துறை என்னதான் செய்துகொண்டிருந்தது? ஆராய்ச்சிக் கட்டுரையில் இருப்பது ஏன் ஆபரேஷன் அறைக்கு வருவதில்லை?

இன்னொன்று. எனக்கு உடம்புக்குள் கரையும் மக்னீசியம் எலும்புத் திருகு பற்றிச் செய்ய ஆசை. வழிகாட்டி “அது பழைய சரக்கு, கிராஃபீன் எடு” என்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

#2 தேய்மானம்

இம்பிளான்ட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தேய்ந்தும் உடைந்தும் உடம்பிலிருந்து வெளியே வந்தவற்றை அறுத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. அந்த இடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்: பெயர்தான் பழசு, உள்ளே இருக்கும் சரக்கு பழசு இல்லை.

பாலிஎதிலீனையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்புக் கிண்ணத்துக்கு முதலில் போட்டது டெஃப்லான். நன்றாக வழுக்கும், ஆனால் அதைவிட நன்றாகத் தேயும். சுமார் 300 பேருக்கு வைத்த பிறகு கிண்ணங்கள் குடைந்துபோய், உதிர்ந்த துகளால் சுற்றியிருந்த திசு கெட்டு, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டி வந்தது. 1962-ல் நெசவுத் தறியின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்டன் மருத்துவமனையின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி அதில் நகத்தை அழுத்திப் பார்த்தார், இதில் நேரத்தை வீணடிக்காதே என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார். பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவைக்கூட அது எட்டவில்லை.

அதற்குப் பிறகு சார்ன்லி செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு பிளாஸ்டிக்கின் துகள்களையும் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். மாதக்கணக்கில் ஆன பிறகும் டெஃப்லான் போன இடத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. மற்ற இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்று எந்த அறக்குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது!

சரி, அத்தோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. அந்தக் கிண்ணங்களைக் காமா கதிரில் கிருமிநீக்கம் செய்தார்கள், காற்று இருக்கும் பொட்டலத்தோடு. கதிர் பட்டதும் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் அறுந்து, தனி எலக்ட்ரானோடு முனைகள் நிற்கும். அவை ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். இது உடம்புக்குள் மட்டுமல்ல, அலமாரியில் சும்மா இருக்கும்போதே நடக்கும். அப்படிப்பட்ட பழைய கிண்ணம் ஒன்றை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மெல்லிய சீவலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போனால் வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். கத்தி அந்தப் பட்டையைத் தொட்டதும் சீவல் பொடிந்துவிடும். மற்ற இடத்தில் ரப்பர் போல வளையும் அதே துண்டு.

90-களில் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, காற்றில்லாப் பொட்டலம் வந்தது. அடுத்து, கதிரின் அளவை வேண்டுமென்றே கூட்டிச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்தார்கள், தேய்மானம் சடாரென்று குறைந்தது. ஆனால் மிச்சமிருக்கும் தனி எலக்ட்ரான்களை அடக்க உருக்க வேண்டும், உருக்கினால் படிகத்தன்மை குறைந்து வலு போகும். அதற்கு மாற்றாக வைட்டமின் ஈ-யைக் கலந்தார்கள், அது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும், உருக்க வேண்டியதில்லை. முதலில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்த கிண்ணம் இப்போது அதில் ஒரு சிறு பங்குதான் தேய்கிறது. பொட்டலத்தின் மேல் இன்றும் பாலிஎதிலீன் என்றுதான் எழுதியிருக்கும்.

துறை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டீர்களே, இதைத்தான்.

#3 சும்மா ஒரு கேள்வி

நான் இந்தத் துறை ஆள் இல்லை, வீட்டில் ஒருவருக்கு மூட்டு மாற்றம் பற்றிப் பேச்சு ஓடுவதால் எட்டிப் பார்த்தேன். 0.1 மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லையே? கிண்ணம் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 20 ஆண்டு ஆனாலும் 2 மில்லிமீட்டர்தான். அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

#4 எலும்பு டாக்டர்

நல்ல கேள்வி, பலரும் கேட்பதுதான். கிண்ணம் மெலிவது இரண்டாம் பட்சம், உதிர்ந்தது எங்கே போகிறது என்பதே முக்கியம். துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். செரிக்க முடியாது. முடியாத எரிச்சலில் சமிக்ஞைப் புரதங்களை விடும், அதைக் கேட்டு எலும்பை அரிக்கும் செல்கள் கிளம்பும். நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் வலியே இருக்காது. எக்ஸ்ரேயில் பார்த்தால் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பாகக் குழிகள். இம்பிளான்ட் நன்றாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்பு இருக்காது. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமாவது இதனால்தான்.

தேய்மானம் சொன்னதோடு ஒரு சம்பவம் சேர்க்கிறேன். 90-களில் ஜிர்கோனியா என்ற பீங்கானில் செய்த பந்துத் தலைகள் பரவலாக இருந்தன. அதன் வலுவே ஒரு வித்தை: விரிசல் முனை நெருங்கும்போது அங்குள்ள படிகத் துணுக்குகள் வேறு வடிவத்துக்கு மாறிச் சற்று வீங்கும், விரிசலை நெருக்கி மூடும். ஆனால் அதே மாற்றம் ஈரத்தில், விரிசல் எதுவும் இல்லாமலே, மெதுவாகவும் நடக்கும். அது நடந்தால் பந்தின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், சில உடையும். இதைக் கட்டுக்குள் வைப்பது துணுக்கின் அளவு, அடர்த்தி, சூளையின் வெப்பம் எல்லாம் சேர்ந்துதான். பெரிய தயாரிப்பாளர் ஒருவர் 1998 வாக்கில் தொகுதிச் சூளையை விட்டு, வரிசையாக ஓடும் சுரங்கச் சூளைக்கு மாறினார். பொடி அதே பொடி, வடிவம் அதே வடிவம். சில தொகுப்புகளில் தலைகள் நோயாளிகளுக்குள்ளேயே உடைய ஆரம்பித்தன. 2001-ல் திரும்பப் பெற்றார்கள். இன்று நாங்கள் வைக்கும் இளஞ்சிவப்புப் பந்தில் பெரும்பகுதி அலுமினா என்ற வேறு பீங்கான், ஜிர்கோனியா அதற்குள் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கிறது.

கடைசிபெஞ்சுக்கு: யாராவது புதுப் பொருள் என்று வந்தால் நான் கேட்பது மூன்று. எப்படிக் கிருமிநீக்கம் செய்வீர்கள்? நான் சற்றுக் கோணலாக வைத்தாலும் தாங்குமா? ஏதாவது ஆனால் எப்படிக் கழற்றுவது? மூன்றாவதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் பெரும்பாலும் பதில் இருக்காது.

#5 வேகநரி

மன்னிக்கணும், இரண்டு பெரியவர்களும் சேர்ந்து பயத்துக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. எல்லாவற்றுக்கும் “அது ஏற்கெனவே உடைந்தது, இது ஏற்கெனவே உதிர்ந்தது” என்றால் யார் புதிதாகச் செய்வார்கள்?

விறைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி எலும்பின் மீள்மை குணகம் 15-20 கிகாபாஸ்கல் இருக்கும். டைட்டானியம் கலப்பு 110, எஃகு 200-க்குப் பக்கம், கோபால்ட்-குரோமியம் அதற்கும் மேல். பக்கத்தில் இவ்வளவு விறைப்பான கம்பி நின்றால் சுமையை அதுவே வாங்கிக்கொள்ளும், எலும்பு சும்மா இருந்து மெலியும். வேலை இல்லாத எலும்பு கரையும் என்று ஜெர்மன் மருத்துவர் வுல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். நூற்றுச் சொச்சம் ஆண்டுக்குப் பிறகும் தொடை எலும்புக்குள் உலோகத் தண்டை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு விடை வந்ததே பொடியை எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிடும் முறையில்தான். நூற்றுக்கணக்கான மைக்ரான் அளவில் துளைகள், ஒன்றோடொன்று திறந்தபடி. எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும், மொத்த விறைப்பும் குறையும். எந்த வார்ப்பு அச்சிலும் இதைச் செய்ய முடியாது. இது பெயர் மாறாத பழைய பொருளா? சொல்லப்போனால் என் கட்சிக்குத்தான் இது சாட்சி.

கண்ணுக்குள் லென்ஸ் வைத்த ஹெரால்ட் ரிட்லி இன்றைக்கு விண்ணப்பித்தால் கிடைக்குமா அனுமதி?

#6 நூலகவாசி

ரிட்லியை இழுத்ததால் வருகிறேன். போர் விமானத்தின் கண்ணாடிக் கூரை சிதறி விமானிகளின் கண்ணில் குத்தியபோது, அந்த அக்ரிலிக் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் எந்த அழற்சியும் இல்லாமல் கிடந்ததை அவர் கவனித்தார். அதிலிருந்து 1949-ல் முதல் லென்ஸ். சக மருத்துவர்கள் திட்டித் தீர்த்தார்கள். இந்தக் கதையை எல்லோரும் பிடிவாதத்தின் வெற்றி என்றே சொல்வார்கள். ஆனால் எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. ஆரம்ப லென்ஸ்கள் கனமானவை, இடம் பெயர்ந்தன, பலவற்றைக் கழற்ற வேண்டி வந்தது. அமெரிக்காவில் கண் லென்ஸுக்கு அனுமதி வந்தது 1981-ல். நடுவில் 30 ஆண்டு கெட்டி அக்ரிலிக் அப்படியே இருந்தது, மாறியது லென்ஸின் வடிவமும் அறுவை முறையும்.

மற்றபடி இந்தத் துறையில் உருப்படியாக வந்ததில் பாதி வேறு வேலைக்குச் செய்தது. தறிச் சக்கரம் சொன்னார்கள். இதய வால்வின் வெப்பச்சிதைவுக் கார்பன், அணு உலை எரிபொருள் மணிகளுக்குப் பூச்சாக உருவாக்கப்பட்டது. அதன் மேல் ரத்தம் எளிதில் உறையாது என்று பிறகுதான் கண்டார்கள். வில்லெம் கோல்ஃப் 1943-ல் போர்க்கால நெதர்லாந்தில் டயாலிசிஸ் இயந்திரம் கட்டியது தொத்திறைச்சிக்கு உறையாகப் போடும் செலோஃபேன் குழாயால். ஓட்டோ விக்டர்லெ 1961-ல் மென் கான்டாக்ட் லென்ஸை வார்த்தது குழந்தைகள் விளையாடும் மெர்குர் கட்டுமானத் துண்டுகளால் செய்த சுழல் இயந்திரத்தில், சமையலறை மேசையில் வைத்து.

#7 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. தயவுசெய்து யாரும் சொந்த மருத்துவ அறிக்கைகளை இங்கே பதிவேற்ற வேண்டாம், இரண்டு நீக்கினேன்.

#8 தேய்மானம்

வேகநரி, துளை டைட்டானியம் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. நான் சொன்னதுக்கு அது இன்னும் வலுச் சேர்க்கிறது: கலப்பு உலோகம் அதே டைட்டானியம்-அலுமினியம்-வனேடியம், வடிவமும் செய்முறையும் புதிது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அச்சிட்ட தூண்களின் மேல் பாதி உருகிய பொடி மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மணியின் கழுத்தும் சோர்வு விரிசல் தொடங்க ஒரு இடம். அதனால்தான் துளைப் பகுதியைக் கெட்டி உலோகத்தின் மேல் தோலாக மட்டும் வைக்கிறார்கள், சுமை முழுக்க அதன் தலையில் கட்டுவதில்லை.

பொருளே புதிது என்ற கட்சிக்கு நல்ல சோதனை கரையும் ஸ்டென்ட், அதாவது அடைத்த ரத்தக் குழாயை விரித்துத் தாங்கும் வலைக் குழாய். ரத்தக் குழாயை ஆறேழு மாதம் தாங்கினால் போதும், பிறகு உலோகம் எதற்கு என்பது அழகான எண்ணம். பாலிலாக்டிக் அமிலத்தால் செய்து, மேலே மருந்து பூசி, அப்சார்ப் என்ற பெயரில் 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதியும் வாங்கியது. 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மூன்று ஆண்டில் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தவர்கள் கரையும் வகையில் 2.3 சதவீதம், உலோகத்தில் 0.7.

காரணம் வேதியியல் இல்லை, இயந்திரவியல். பாலிமருக்கு உலோகத்தின் வலு கிடையாது, அதனால் கம்பிகளைத் தடித்துச் செய்தாக வேண்டும்: சுமார் 150 மைக்ரான். அன்றைய நல்ல உலோக ஸ்டென்ட்டில் 80-தான். தடித்த கம்பி குழாயின் சுவரில் அமுங்காமல் துருத்தி நிற்கும், ரத்த ஓட்டம் அதன் பின்னால் சுழன்று தேங்கும், தேங்கினால் உறையும். இன்னொன்று, இந்த பாலிமர் கரைவது சோப்பு போல மேலிருந்து அல்ல. தண்ணீர் உள்ளே ஊறி எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சங்கிலிகளை வெட்டும். முதலில் சங்கிலி நீளம் போகும், அப்புறம் வலு, கடைசியில்தான் எடை. அதாவது வலுவிழந்த பிறகும் துண்டுகள் அங்கேயே இருக்கும். சுவரில் பதியாத துண்டு ஓட்டத்துக்குள் நீட்டிக்கொள்ளும்.

எங்கள் கூடத்தில் சாதாரண உலோக ஸ்டென்ட்டைச் சோதிப்பது எப்படி என்று சொன்னால் பிரச்சினை புரியும். இதயம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கும். 10 ஆண்டுக்கு 40 கோடி. சிலிகான் குழாய்க்குள் ஸ்டென்ட், 37 டிகிரி உப்புநீர், நொடிக்கு 60 துடிப்பு வீதம் விட்டால் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். வெறும் கண்ணுக்குக் குழாய் அசைவதே தெரியாது, மங்கலாக நடுங்கும். ஸ்ட்ரோப் விளக்கைப் போட்டால்தான் மெதுவாக விரிந்து சுருங்குவது தெரியும். உலோகத்துக்கு இது சரி. கரையும் பொருளுக்கு? துடிப்பை வேகப்படுத்தலாம், தண்ணீர் சங்கிலியை வெட்டும் நீராற்பகுப்பை எப்படி வேகப்படுத்துவது? சூடாக்கினால் 60 டிகிரிக்குச் சற்று மேலேயே பாலிமர் இளகும் நிலைக்கு வந்துவிடும், நடப்பது வேறு வினையாகிவிடும். ஆக மூன்று ஆண்டில் என்ன ஆகும் என்று தெரிய மூன்று ஆண்டு காத்திருக்கத்தான் வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் ஆபரேஷன் அறைக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் இதுதான், அதிகாரிகளின் சோம்பல் இல்லை.

#9 வேகநரி

பாதிக் கதையை மட்டும் சொல்லிவிட்டீர்கள். அதே பாலிமர், அதே மருந்து, கம்பியைச் சுமார் 100 மைக்ரானுக்கு மெலித்து, முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளுக்கென்று 2024 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி வாங்கியிருக்கிறது. வெறும் பலூன் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. அங்கே அது போட்டியிட்டது பிரமாதமான உலோக ஸ்டென்ட்டோடு இல்லை, அந்த இடத்துக்குச் சரியான ஸ்டென்ட்டே இல்லை. 2017-ல் எல்லோரும் மூடிவிட்டுப் போயிருந்தால் இது வந்திருக்குமா?

#10 தேய்மானம்

வந்திருக்காது. அந்தப் புள்ளி உங்களுக்கே.

#11 சும்மா ஒரு கேள்வி

உறுப்பையே அச்சிட்டு வைப்பதாகச் செய்தி வருகிறதே, மூச்சுக்குழாய்கூட வைத்தார்களே?

#12 எலும்பு டாக்டர்

மூச்சுக்குழாய் பெயரைச் சொல்லி என் வாயைக் கிளறாதீர்கள். 2011-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் மூலச்செல்களை விதைத்து வைத்தார். உலகமே கொண்டாடியது. அங்கே வைக்கப்பட்ட மூவரும் இறந்துபோனார்கள், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ரத்த ஓட்டம் இல்லாத குழாய்க்குள் செல் உயிர் பிழைக்காது, காற்றோடு கிருமி வந்துகொண்டே இருக்கும் இடத்தில் திசு மூடாது. இதைச் சொல்ல மூலச்செல் நிபுணர் வேண்டியதில்லை.

ஆனால் திசுப் பொறியியலே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யானஸ், பர்க் இருவரும் 80-களின் தொடக்கத்தில் செய்த கொலாஜன் தோல் சட்டகம் தீக்காயத்துக்கு இன்றும் பயன்படுகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தக் குழாய் ஒன்று இருக்கிறது: மனித செல்களைச் சட்டகத்தில் வளர்த்துக் குழாய் உருவானதும், செல்களைக் கழுவி எடுத்துவிட்டு வெறும் புரதக் கூட்டை மட்டும் வைக்கிறார்கள். விபத்தில் கை கால் தமனி அறுந்தவர்களுக்கு. செல்லை எடுத்துவிட்டதால் யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், அலமாரியில் தயாராக வைத்திருக்கலாம். சத்தமில்லாமல் வந்தது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன்: புதுப் பொருளை எப்படித்தான் நம்புவது என்றால், மூட்டு மாற்றத்தில் எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, எலும்பிலும் இம்பிளான்ட்டிலும் ஒரு மில்லிமீட்டர் அளவு டான்டலம் மணிகளைப் பதித்து, இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்வும் தெரியும். முதல் இரண்டு ஆண்டில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பது பின்னால் தளரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதுவும் சில பத்து நோயாளிகளிலேயே. இரண்டு, பதிவேடு. சுவீடனில் முழங்காலுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் தொடங்கினார்கள். யாருக்கு எந்த மாதிரி வைத்தோம், எப்போது கழற்றினோம், அவ்வளவுதான் விவரம். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளில் ஒரு மாதிரி 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டபோது ஏறக்குறைய 93,000 பேருக்கு அது வைத்தாகிவிட்டது. ஆய்வகத்தில் அந்த மூட்டு மிகக் குறைவாகத் தேய்ந்தது. உடம்பில் கிண்ணம் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்ததும் விளிம்பில் உரசிக் கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் ஏறியது. இது சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுத்தது பதிவேடுகள்தான், நுண்ணோக்கி இல்லை.

சும்மா ஒரு கேள்விக்கு: உங்கள் வீட்டு மூட்டுக்கு, வைக்கப்போகும் மாதிரியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து ஆண்டுப் பதிவேட்டுக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

#13 மின்முனை

ஓரமாக ஒன்று. நான் நரம்பு மின்முனைப் பக்கம். எலும்புக்கு உலோகம் ஐந்து பத்து மடங்கு விறைப்பு என்று வருத்தப்படுகிறீர்கள். சிலிக்கான் ஊசியின் விறைப்பு கிகாபாஸ்கல் கணக்கில், மூளைத் திசு கிலோபாஸ்கல் கணக்கில். நடுவில் மெகா முழுசாகக் காணோம். மூச்சு விடும்போதும் நாடி துடிக்கும்போதும் மூளை அசையும், ஊசி அசையாது, சுற்றிலும் தழும்பு வளர்ந்து சமிக்ஞை மங்கும். அதற்காக மெல்லிய பாலிமர் இழைக்குப் போனால் அது நிற்க மாட்டேன் என்கிறது. மூளைக்குள் மின்முனை வைக்கும் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு வைத்தது, அடுத்த வாரங்களில் இழைகளில் பல பின்வாங்கிவிட்டதாக அவர்களே சொன்னார்கள். கெட்டியாக இருந்தால் தழும்பு, இளகினால் நழுவல். எங்கள் பக்கம் இன்னும் பாலிஎதிலீன் கிடைக்கவில்லை.

#14 கடைசிபெஞ்ச்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வாசித்தவரை புரிந்தது: உடம்புக்குள் காலம் போகப் போக என்ன ஆகும் என்பதுதான் கேள்வி, புதுசா பழசா என்பதில்லை. அப்படியானால் மக்னீசியத்தையே பிடித்துக்கொள்கிறேன். தேய்மானம் அண்ணா, இளநிலை அளவில் உருப்படியாக என்ன செய்யலாம்? எங்களிடம் சாதாரண நுண்ணோக்கி, தராசு, பிஎச் மானி, வெப்பப் பெட்டி இருக்கிறது. அவ்வளவுதான்.

#15 தேய்மானம்

போதும், தாராளமாகப் போதும்.

மக்னீசியம் பழைய சரக்கு என்று உங்கள் வழிகாட்டி சொன்னதில் பொய் இல்லை. 1906 வாக்கிலேயே லாம்பாட் என்ற பெல்ஜிய மருத்துவர் கால் முறிவுக்கு மக்னீசியத் தகடு வைத்து, தங்க முலாம் பூசிய எஃகு ஆணியால் பூட்டினார். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புநீர்: மின்கலமாகிவிட்டது. எட்டு நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு நிரம்பியது. 1 கிராம் மக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் ஹைட்ரஜன் வரும், யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் மக்னீசியம் எலும்புத் திருகுக்கு அனுமதி வந்தது 2013-ல். நடுவில் நூறு ஆண்டு முழுக்க ஒரே கேள்வி: மெதுவாக, ஒரே சீராகக் கரைய வைப்பது எப்படி?

புதுக் கலப்பு உலோகம் உருக்கப் போகாதீர்கள், அது இளநிலைக்கு ஆகாது. சோதனை முறையைச் சோதியுங்கள். ஒரே கம்பியில் வெட்டிய துண்டுகளை 0.9 சதவீத உப்புநீரில் ஒன்று, உடல் திரவத்தை ஒத்த உப்புகள் உள்ள ஹேங்க்ஸ் கரைசலில் ஒன்று, முடிந்தால் புரதம் சேர்த்து ஒன்று என்று 37 டிகிரியில் வையுங்கள். வெறும் உப்புநீரில் துண்டின் மூலைகளில் உடனே குமிழி கோத்து நிற்கும். பைகார்பனேட், பாஸ்பேட் உள்ள கரைசலில் மேலே வெள்ளைப் படலம் கட்டி வேகம் குறையும். ஒரே உலோகம், இரண்டு கரைசல், பெரிய வித்தியாசம். கட்டுரைகளில் வரும் “எங்கள் கலப்பு மெதுவாகக் கரைகிறது” என்பதில் எத்தனை, கரைசலின் புண்ணியத்தில் என்று பார்த்தாலே நல்ல வேலை.

கவனம்: கரைசல் குறைவாக இருந்தால் பிஎச் ஏறி, அரிப்பு தானே நின்றுவிடும், நல்ல உலோகம் என்று தோன்றும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 20 மில்லிலிட்டருக்குக் குறையக் கூடாது. பிஎச்சை மாறாமல் நிறுத்த டிரிஸ் என்ற தாங்கல் பொருளைப் போடாதீர்கள், அதுவே அரிப்பைக் கூட்டும். கம்பி வாங்கும்போது இரும்பு எவ்வளவு என்ற சான்று கேளுங்கள். சுத்த மக்னீசியத்தில் பத்து லட்சத்தில் 170 பங்கைத் தாண்டினால் அரிப்பு எகிறும்.

கிராஃபீன் பற்றி வழிகாட்டியிடம் டாக்டரின் மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மரியாதையாக.

#16 எலும்பு டாக்டர்

மரை வெட்டிய திருகிலும் ஒன்றிரண்டு வையுங்கள். நாங்கள் வைப்பது வழவழப்பான கம்பி இல்லை. மரையின் அடிப்பள்ளத்தில் எப்போது அரிப்பு தொடங்குகிறது என்று படம் எடுத்தால் எனக்கே பார்க்க ஆசை.

#17 கடைசிபெஞ்ச்

கண்டிப்பாக டாக்டர் சார். ஒரு சந்தேகம் மட்டும்: எங்கள் பட்டறையில் எஃகு ஹேக்சாதான் இருக்கிறது. இரும்பு பட்டால் கெடும் என்கிறீர்களே, அதில் வெட்டலாமா?

#18 தேய்மானம்

வெட்டலாம். வெட்டு முகத்தை சிலிக்கான் கார்பைடு தாளில் நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள், எஃகு பட்ட தோல் போய்விடும். புதுத் தாள் எடுங்கள், எஃகு தேய்த்த தாள் வேண்டாம். தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், எத்தனால் ஊற்றுங்கள். தேய்த்த தூளைக் குப்பைக் கூடையில் கொட்டாதீர்கள், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜனைத் தலைகீழ் பியூரெட்டில் பிடிப்பதாக இருந்தால், அளவெடுப்பதற்கு முன் புனலை லேசாகத் தட்டிவிடுங்கள், பாதிக் குமிழி புனலின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.